பதினைந்தாவது பெயர்

எண்பத்திரண்டு கிரெடிட் அப்படியே இருக்கிறது என்றார்
பதிவு அலுவலகத்து காவ்ளே,
திரையை என் பக்கம் திருப்பி.
இரண்டரை வருடம் தொடாத கணக்கு.
வட்டி கிடையாது. ஏழு வருடத்தில் காலாவதி.
பால் பாக்கெட்டுக்கு இது தேவலை என்றார் மராத்தியில்.

வெப்ப இயக்கவியல், நான்கு.
என் பெயருக்கு நேரே நிற்கிறது.
என்ட்ரோப்பி என்றால் என்ன என்று
இப்போது யாராவது கேட்டால்
குடிக்கத் தண்ணீர் கேட்பேன்.
கிரெடிட் வங்கியில் பத்திரம்.
படித்ததுதான் நடுவில் செலவாகிவிட்டது.

அந்த இரண்டரை வருடமும்
குர்லாவில் லிஃப்ட் பராமரிப்பு.
ஜூலை மழையில், கடல் ஏறுகிற நேரம் பார்த்து
லிஃப்ட் குழிகளில் தண்ணீர் கட்டும்.
பம்ப் போட்டு இறைப்பேன். மறுநாளும் கட்டும்.
ஒருமுறை விரலில் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பு.

அந்த வேலைக்கும் கிரெடிட் உண்டாம்.
கம்பெனியிடமிருந்து கடிதம் வேண்டும்.
கம்பெனி போன தீபாவளியோடு மூடியாயிற்று.
ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்
யார் வீட்டு மேஜையிலாவது கிடக்கலாம்.

விதிப்புத்தகம் தாராளமானதுதான்.
பருவம் முழுக்க வாரம் ஒரு மணி நேரம்
வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்று.
ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம் நின்றால்தான் ஒன்று.
(கால்களுக்கு எங்கேயும் பாதி விலை.)
மின்னியல்காரி கடலைப் படிக்கலாம்.
கட்டடக்காரன் தபலா படிக்கலாம்.
ஒரு பருவத்துக்கு இருபத்தாறு வரை அள்ளலாம்.
கால அட்டவணைக்கு அந்தப் புத்தகத்தை
யாரும் படித்துக் காட்டவில்லை போல.
நான் கேட்ட மூன்றும்
செவ்வாய் பதினொரு மணிக்கே வந்து நின்றன.

மூன்றில் ஒன்று,
சிவில் துறைப் பட்டியலில் கடைசிக்கு முந்தைய வரி:
அலையும் கரையும். மூன்று கிரெடிட்.
பதினைந்து பேர் சேர்ந்தால் நடக்கும்.
வெள்ளி மாலை ஐந்து மணிக்குள்.
புதன் காலை வரை ஒன்பது பேர்.

கேன்டீனில் மேஜை மேஜையாகப் போனேன்
சீட்டுப் பிடிக்கிறவள் மாதிரி.
எல்லோருக்கும் ஒரே கேள்வி:
பருச்சா மேடம் மார்க் எப்படிப் போடுவார்?
எனக்கென்ன தெரியும். தாராளமாக என்றேன்.
விராரிலிருந்து வரும் ஜிக்னேஷ்
பதினொரு மணி வகுப்பு என்றதுமே கையெழுத்துப் போட்டான்,
பாடத்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.
அவன் அறைத்தோழர்கள் மூன்று பேர், அவன் போனதால்.
எலக்ட்ரானிக்ஸ் இம்ரோஸ் மட்டும் யோசித்தான்.
அலை என்றால் சிக்னல்தானே?
நான் வடா பாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
வாய் நிறைய இருந்தது.

வெள்ளி நாலு இருபதுக்குப் பதினான்கு.
அப்போதுதான் உறைத்தது,
என் பெயர் அதில் இல்லை.
ஏற்கெனவே இருபத்துநான்கு எடுத்திருந்தேன்.
மூன்றைக் கூட்டினால் ஒன்று மிஞ்சுகிறது.
செவ்வாயின் மற்ற இரண்டும் முன்பே போய்விட்டன.
மீதியில் கட்டாயம், கட்டாயம், கட்டாயம்,
பிறகு: தொழில் அறம், இரண்டு.

அறம் முன்னால், பொருள் பின்னால் என்றுதான்
தாராவி மாநகராட்சிப் பள்ளியில்
வரிசையாக ஒப்பித்த ஞாபகம்.
திரையில் தேடிப் பார்த்தேன்.
முன்தேவை: எதுவும் இல்லை.
நீக்கு என்பதை அழுத்தினேன்.
உறுதியா என்று ஒரே ஒருமுறை கேட்டது.
அடுத்த பருவத்திலும் அறம் உண்டு,
டிசம்பர் விடுமுறையில் இணைய வழியாகவும்.

செவ்வாய்க்கிழமை வெளியே நல்ல மழை.
பருச்சா மேடம் முதல் வேலையாகப் பலகையில்
அன்றைய கடலேற்ற நேரத்தை எழுதினார்.
பன்னிரண்டு நாற்பது. நாலரை மீட்டர்.
குர்லாவில் யாரோ இப்போது
பம்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.
இம்ரோஸ் பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
பாடத்தை விட்டுப் போக
இன்னும் மூன்று நாள் அவகாசம் இருக்கிறது அவனுக்கு.
எழுந்து, ஜன்னலோர இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு
கதவுப் பக்கம் நான் உட்கார்ந்தேன்.